டர்போ காரை எத்தனாலுக்கு மாற்றுவது எப்படி: சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்களிடம் டர்போ பெட்ரோல் கார் இருக்கிறது. எத்தனாலில் ஓட்டினால் இழுவை கூடும், இன்ஜின் சூடு குறையும், நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாகப் பற்றி இன்ஜினைத் தட்டுவது) வராது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மைதான். நாக் எதிர்ப்பைக் காட்டும் ஆக்டேன் எண் எத்தனாலுக்கு ஏறக்குறைய 108. பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் 91க்கும் 95க்கும் நடுவில் நிற்கிறது. அதோடு, எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்று சிலிண்டருக்குள் போகும்போதே குளிர்ந்துவிடும். அதனால்தான் சாதாரண இன்ஜினைவிட டர்போ இன்ஜினுக்கு இது அதிகம் பலன் தருகிறது.

இந்த வேலையை நான் என் ஃபியட் லினியா டி-ஜெட் காரில் செய்தேன். 1368 சிசி, 114 குதிரைத்திறன், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கு. விவரம் தெரிந்த ஆள் சேலத்தில் கிடைப்பது சிரமம். கேட்ட இடத்திலெல்லாம் 'மேப் போட்டுக்கலாம், மத்தது அப்புறம் பாத்துக்கலாம்' என்றுதான் சொன்னார்கள். அந்த வரிசை தலைகீழானது. பேப்பர் முதலில், கணக்கு இரண்டாவது, எரிபொருள் பாதை மூன்றாவது, இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதும் எரிபொருள், ஸ்பார்க் கணக்கான மேப் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் பணம் போவதோடு நிற்காது, காரில் தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

1. எவ்வளவு எத்தனால் என்று முதலில் முடிவெடுங்கள்

மூன்று நிலைகள் இருக்கின்றன.

முதல் நிலை ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இன்று நம் ஊர் பங்குகளில் நீங்கள் போடுவதே அதுதான். 2023க்கு முன் வந்த பல கார்களின் ரப்பர் பாகங்கள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே இந்த நிலைக்கான வேலை பழைய டர்போ கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தேவை. உங்களுக்கு வேகத்தில் ஆசையே இல்லாவிட்டாலும் 5வது படியைப் படியுங்கள்.

இரண்டாவது நிலை 40 முதல் 60 சதவீதம். டர்போவுக்கு வேண்டிய நாக் எதிர்ப்பில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. என் சிபாரிசு இதுதான்.

மூன்றாவது நிலை 85 சதவீதமும் அதற்கு மேலும். பந்தயக் கார்க்காரர்களுக்கு அது சரி. நமக்கு அந்தக் கடைசி 25 சதவீதத்தால் வரும் லாபம் குறைவு. குளிரில் ஸ்டார்ட் ஆகாத தொல்லையும் அதிக எரிபொருள் செலவும்தான் மிஞ்சும்.

செலவை இப்படிக் கணக்கிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் சுமார் 21. இதன்படி ஈ85 ஒரு லிட்டர், ஈ20 ஒரு லிட்டரின் முக்கால் பங்கு தூரம்தான் ஓட்டும். ஈ20 நூறு ரூபாய் என்றால் ஈ85 எழுபத்தாறு ரூபாய்க்குக் கீழே கிடைத்தால்தான் கையைக் கடிக்காது. பணம் மிச்சமாகும் என்ற எண்ணத்தில் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் கார் போர்ட் இன்ஜெக்ஷனா (எரிபொருளைச் சிலிண்டருக்கு வெளியே காற்றுப் பாதையில் பீய்ச்சுவது), டைரக்ட் இன்ஜெக்ஷனா (நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது)? லினியா டி-ஜெட், புன்டோ அபார்த், பழைய நெக்ஸான் டர்போ போன்றவை போர்ட் வகை. போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், வென்யூ டர்போ போன்றவை டைரக்ட் வகை. டைரக்ட் வகையில் இன்ஜினோடு இணைந்த உயர் அழுத்தப் பம்ப் ஒன்று இருக்கும். கூடுதல் எரிபொருளை அது ஒரு அளவுக்கு மேல் தராது. மாற்றுப் பம்பும் இன்ஜெக்டரும் எளிதில் வாங்கக்கூடிய விலையில் இல்லை. அந்தக் கார்கள் 30 சதவீதத்தோடு நின்றுகொள்வது நல்லது. கீழே நான் எழுதுவது போர்ட் வகையை மனதில் வைத்துத்தான். வாரன்டி முடியாத காரில் எதையும் தொடாதீர்கள்.

2. பேப்பர் வேலை

ஸ்பேனரை எடுக்கும் முன்னால் ஆர்சி புத்தகத்தை எடுங்கள். அதில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளில் ஓட்டுவதற்கான மாற்றத்தை அதே பிரிவு அனுமதிக்கிறது, ஆனால் விதிகளுக்கு உட்பட்ட கிட் (மாற்றத்துக்கான பாகங்களின் தொகுப்பு) மூலமாகத்தான். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்து என்று இருக்கிறது.

சிஎன்ஜிக்கும் எல்பிஜிக்கும் இது பழகிய பாதை. கிட்டுக்குச் சான்று இருக்கும், பொருத்தும் கடைக்கு அனுமதி இருக்கும், ஆர்டிஓ ஆபீசில் ஆர்சியை மாற்றித் தருவார்கள். எத்தனால் கிட் என்று யாராவது விற்க வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: 'என் காரின் மாடல், இன்ஜினுக்கு ஏஆர்ஏஐ, ஐகேட், ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி மாதிரி சோதனை நிறுவனம் கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா?' வெளிநாட்டுச் சான்றைக் காட்டினால் அது இங்கே செல்லாது. இன்ஜெக்டர் ஒயரில் சொருகும் சிறிய பெட்டி ஒன்றைச் சிலர் கிட் என்று விற்கிறார்கள். அதற்கும் இதே கேள்விதான்.

சான்றுள்ள கிட் கிடைத்தால் அரசின் பரிவாகன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. ஆர்சி, இன்சூரன்ஸ், பியூசி (புகைச் சான்று), கிட்டின் சான்றிதழ், பொருத்திய கடையின் சான்று, கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் செய்த 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். டிஎன் 30, டிஎன் 54, டிஎன் 90 என்று சேலத்துக்குள்ளேயே பதிவு எண்கள் பிரிந்திருக்கின்றன. உங்கள் முகவரி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

நான் போன இடத்தில் ஒரு கவுண்டரில் ஒன்றும் பக்கத்துக் கவுண்டரில் வேறொன்றும் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துக் கேட்டபோதுதான் 'கிட் சான்றிதழ் இல்லாமல் ஆர்சி மாறாது' என்ற தெளிவான பதில் வந்தது. நீங்களும் வாய்ப்பேச்சை நம்பாமல் மனுவாகக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆக, சான்று இல்லாத நிலையில் நான் வைத்துக்கொண்ட விதி இது: ரோட்டில் பங்க் ஈ20 மட்டும், அதற்கு மேலான கலவை டிராக்கில் மட்டும். நமக்குப் பக்கத்தில் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கலவை போட்ட காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், திரும்பும் முன் டேங்கைக் காலி செய்து ஈ20 போட்டுக்கொள்ளலாம். இதில் செலவு உண்டு, ஆனால் நடுரோட்டில் பயமில்லாமல் இருக்கலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் கிளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். 15 வருடம் நிறைவடையும் கார் என்றால் ஆர்சி புதுப்பிக்கும் ஆய்வு முடிந்த பிறகு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

3. எத்தனால் எங்கே வாங்குவது, எங்கே வாங்கவே கூடாது

2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் 'எத்தனால் 100' என்ற எரிபொருளை 183 பங்குகளில் விற்கத் தொடங்கியது. அந்த ஐந்து மாநிலப் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு. பெயரில் 100 என்று இருந்தாலும் அதில் எத்தனால் சுமார் 93 சதவீதம்தான். மீதி பெட்ரோலும், இரண்டும் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் கரைப்பானும். கலவைக் கணக்கில் 93 என்றே எடுங்கள். கிளம்பும் முன் பங்க்குக்குப் போன் செய்து இருப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

45 லிட்டர் டேங்கில் 60 சதவீதக் கலவை வேண்டுமென்றால் எத்தனால் 100 இருபத்தைந்து லிட்டர், ஈ20 இருபது லிட்டர். சரியாக 60.6 சதவீதம் வரும்.

கேனில் கொண்டுபோவதற்கும் சட்டம் இருக்கிறது. பெட்ரோலியச் சட்டம் 1934இன்படி, விற்பனைக்கு இல்லாத 'ஏ' வகை (எளிதில் தீப்பற்றும்) எரிபொருளை மொத்தம் 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். உலோகக் கேனாக இருக்க வேண்டும், ஒரு கேன் 25 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கேன் வேண்டவே வேண்டாம். பல பங்குகளில் கேனில் ஊற்றத் தயங்குவார்கள், அது நியாயம்தான். மேலாளரிடம் முன்பே பேசிவிட்டுப் போங்கள்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. 'கெமிக்கல் கடையில் ஸ்பிரிட் வாங்கி நாமே கலக்கலாம்' என்று ஒருவராவது உங்களிடம் சொல்வார். செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் ஸ்பிரிட் வைத்திருப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் இல்லாமல் ஒரு கேன் வைத்திருந்தாலும் அது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதை மறந்துவிட்டு ஸ்பிரிட் கேனைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றக் கூடாது, சுற்றினால் காவல்துறையும் விடாது. காரைப் பொறுத்தவரையும் அது கெடுதல். அப்படிக் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் இருக்கும், மெத்தனாலும் இருக்கலாம். இரண்டும் அலுமினியப் பாகங்களை அரித்துவிடும்.

4. கணக்கு: பம்பும் இன்ஜெக்டரும்

பெட்ரோலில் ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று தேவை. ஈ85க்கு 9.8 பங்கு போதும். அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும் என்று அர்த்தம். கன அளவில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடும்.

என் காரை வைத்தே கணக்கைச் சொல்கிறேன். 114 குதிரைத்திறன் என்றால் 84 கிலோவாட். முழு பூஸ்டில் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தத்தில்) டர்போ இன்ஜின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 330 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்தால் 28 கிலோ, அதாவது 37 லிட்டர். ஈ85க்கு அதை 1.4ஆல் பெருக்கினால் 52 லிட்டர். நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 217 சிசி. இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே இருக்கக் கூடாது, 85 சதவீதம்தான் மேல் எல்லை. ஆகவே 255 சிசி. பூஸ்டைக் கொஞ்சம் கூட்டும் எண்ணம் இருந்தால் 300 சிசி. கடையில் 350 சிசி வகையை வாங்கினால் போதும்.

'பெருசாவே போட்டுரலாம்ணா, பின்னாடி உதவும்' என்று 650 சிசி, 1000 சிசி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) அவ்வளவு பெரிய இன்ஜெக்டர் கண்ணிமைக்கும் நேரம்கூடத் திறக்காது. எரிபொருள் ஏறி இறங்கும், வண்டி நடுங்கும், பியூசி சோதனையில் தேறாது.

பம்ப் விஷயத்தில் சின்னக் கார்களுக்கு எரிபொருளின் அளவு பெரிய பிரச்சினை இல்லை, பம்ப் எதனால் செய்யப்பட்டது என்பதுதான் பிரச்சினை. மணிக்கு 255 லிட்டர் பம்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பல பெட்ரோலுக்கு மட்டுமே. எத்தனால் மின்சாரத்தைக் கடத்தும், அரிக்கும். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் கம்யூட்டேட்டரும் பிரஷும் சீக்கிரம் தேய்ந்து ஒருநாள் வழியில் நின்றுவிடும். வால்ப்ரோ, ஏஇஎம் போன்றவை ஈ85க்கென்றே தனி மாடல் விற்கின்றன. பெட்டியின் மேல் அப்படி எழுதியிருப்பதை வாங்குங்கள். போலிகளும் அதிகம் உலவுவதால் பில் தராத கடையில் வாங்க வேண்டாம்.

பம்பின் அளவைப் படிக்கும்போது அழுத்தத்தையும் பாருங்கள். ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருளைப் பிரித்துத் தரும் குழாயில்) 3 பார், அதற்கு மேல் பூஸ்ட் 1 பார், மொத்தம் 4 பாரில் எவ்வளவு தருகிறது என்பதுதான் முக்கியம். அழுத்தம் இல்லாமல் அளந்த எண்ணை விளம்பரத்துக்குப் போட்டிருப்பார்கள்.

5. எரிபொருள் பாதை: டேங்கிலிருந்து ரெயில் வரை

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். எத்தனால் இயற்கை ரப்பரையும் கார்க்கையும் ஊற வைக்கும், சாதாரண நைட்ரைல் ரப்பரைச் சில மாதங்களில் மிருதுவாக்கி விரிசல் விட வைக்கும். துத்தநாகம், பித்தளை, பூச்சில்லாத அலுமினியம், ஈயம் பூசிய தகடு எல்லாம் அரிபடும். தாங்கக்கூடியவை வைட்டான், டெஃப்லான், எவர்சில்வர், இப்போதைய கார்களின் பிளாஸ்டிக் டேங்க்.

காரை லிஃப்டில் தூக்கி, டேங்க் மூடியிலிருந்து இன்ஜெக்டர் வரை ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுங்கள். ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: ஃபில்லர் கழுத்து ஹோஸ், பம்ப் மாட்டியிருக்கும் வளைய ஓ-ரிங், டேங்குக்குள் இருக்கும் சிறு ஹோஸ், ஃபில்டர், அடிப்பகுதி லைன், இன்ஜின் பக்கத்து ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், ஆவி திரும்பும் சிறு குழாய். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30ஆர்6, ஆர்7 என்று இருந்தால் வேண்டாம். ஆர்9 என்றால் உள்பக்கம் வைட்டான் போன்ற ஃபுளோரோ ரப்பர், அதுதான் வேண்டும். டேங்குக்குள் எரிபொருளில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்10 தேவை. ஆர்9ஐ உள்ளே போட்டால் வெளிச்சுவர் கரையும். செவ்வாய்ப்பேட்டை, ஐந்து ரோடு பக்கம் கேட்டபோது கடைக்காரர்கள் பலர் 'பெட்ரோல் ஹோஸ் எல்லாம் ஒண்ணுதாங்க' என்றார்கள். ஒன்றல்ல. எழுத்தில்லாத ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நான் வெளியில் ஓடும் பகுதிக்கு எவர்சில்வர் பின்னல் போட்ட டெஃப்லான் ஹோஸ் போட்டேன். விலை கூடுதல்தான், ஆனால் இன்ஜின் அறையில் இருக்கும் சூட்டுக்கு அதுதான் நிம்மதி.

கிளாம்ப் வாங்கும்போதும் கவனம் தேவை. பிளேடில் பற்கள் வெட்டிய மலிவான கிளாம்ப் ஹோஸை அறுக்கும். வழவழப்பான உள்பக்கம் உள்ள, ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கென்றே வரும் கிளாம்ப் வாங்குங்கள். ஓ-ரிங்கை வைட்டான் என்று சொல்லி வாங்குங்கள். பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

ஃபில்டர் இரண்டு வாங்குங்கள். எத்தனால் பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். முதல் ஃபில்டர் முதல் இரண்டு டேங்குக்குள் அடைத்துக்கொள்ளலாம். அடைத்த ஃபில்டரால் பூஸ்டில் காற்றுக்குப் போதிய எரிபொருள் வராமல் பிஸ்டன் உருகும். காரணம் தெரியாமல் மேப் போட்டவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஈ20 மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தப் படியோடு வேலை முடிந்தது. ஹோஸ், ஓ-ரிங், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து சுமார் 20,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடிக்கலாம்.

6. பொருத்துதலும் கசிவு சோதனையும்

டேங்கில் எரிபொருள் குறைவாக இருக்கும் நாளில் வேலையை வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, லைன் அழுத்தத்தை இறக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள். பட்டறையில் பக்கத்திலேயே வெல்டிங் ஓடிக்கொண்டிருந்தால் காரை உள்ளே விடாதீர்கள்.

எத்தனால் தீ பகலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பெட்ரோல் சேர்ந்த கலவையில் மங்கலாகத் தெரியும், அதுவும் வெயிலில் நம்பக்கூடியதல்ல. இரண்டு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றை வேலை நடக்கும் இடத்திலும், பிறகு காருக்குள்ளும் வையுங்கள்.

பம்பின் ஒயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பம்ப் அதிக மின்சாரம் இழுக்கும். பழைய மெல்லிய ஒயர் சூடாகும், பம்புக்கு வோல்டேஜ் குறையும். தனி ரிலே, தடித்த ஒயர், சரியான ஃபியூஸ் வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைத் திருப்பிப் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கழற்றி மாட்டுங்கள். அடுத்த நாள் காலையில் மறுபடியும் பாருங்கள். சூடாகி ஆறிய பிறகுதான் சில கசிவுகள் வெளியே தெரியும்.

7. சென்சாரும் மேப்பும்

ஒவ்வொரு முறை எரிபொருள் போடும்போதும் கலவை மாறும். அதை அளந்து ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) சொல்வதற்குத்தான் ஃபிளக்ஸ் சென்சார். இது வெளியிடும் சிக்னல் 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் இல்லை, 150 ஹெர்ட்ஸ் என்றால் முழுக்க எத்தனால். 110 காட்டினால் 60 சதவீதம். எரிபொருளின் வெப்பநிலையையும் அதே ஒயரில் சொல்லும். சென்சார் இல்லாமல் 'ஈ60 மேப்' மட்டும் போடுகிறேன் என்பவரை நம்பாதீர்கள். தெரியாமல் வேறு கலவை போட்ட அன்று இன்ஜின் போய்விடும்.

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்து எரிபொருள் கூடவா குறைவா என்று காட்டும் அகல அளவு லாம்டா சென்சார் ஒன்றும் தேவை. அதன் திரையை லாம்டா அளவில் வையுங்கள். காற்று-எரிபொருள் விகிதத்தில் வைத்தால் பெட்ரோல் கணக்கில்தான் காட்டும். எத்தனாலில் 9.8 வரவில்லையே என்று பயந்து தேவையில்லாமல் எரிபொருளைக் கூட்டுவார்கள். லாம்டா 1 என்பது எந்த எரிபொருளுக்கும் சமநிலைதான். சாதாரண ஓட்டத்துக்கு 1, முழு பூஸ்டில் 0.80 முதல் 0.85.

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகையாக மாற்றி, இடைவெளியைச் சற்றுக் குறையுங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை என்று அர்த்தம்.

டைனோ டியூனிங்குக்கு, அதாவது காரை உருளைமேல் ஓட்டித் திறனை அளந்தபடியே மேப்பைச் சரிசெய்வதற்கு, கோவைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியிருக்கும். போகும்போது கலவைக்கான எரிபொருளையும் யோசித்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு கலவைகளில் டியூன் செய்யச் சொல்லுங்கள், ஒன்று ஈ20, இன்னொன்று உங்கள் மேல் எல்லை. நடுவில் இருப்பதை ஈசியூ கணக்கிட்டுக்கொள்ளும். பழைய மேப்பின் பிரதி, புதிய மேப், டைனோ தாள் மூன்றையும் கையில் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

டைனோ பட்டறையில் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு, அது குளிர் ஸ்டார்ட். மதியம் சூடான இன்ஜினில் அதைப் பார்க்க முடியாது. எத்தனால் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே பற்றிக்கொள்ளும் அளவு ஆவியாகாது. சேலத்தில் அந்தக் குளிர் கிடையாது. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏற்காட்டில் வீடோ எஸ்டேட்டோ இருப்பவர்கள் அங்கே காரை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் வளாகத்துக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, அந்தப் பதிவை டியூனருக்கு அனுப்புங்கள். ஸ்டார்ட்டிங் எரிபொருளை அவர் கூட்டிக் கொடுப்பார். அதற்கும் அசையாவிட்டால் கலவையை 50க்குக் கீழே இறக்குவதுதான் வழி.

8. முதல் டேங்குகள், பிறகு மலை ஏற்றம்

முதல் டேங்க் ஈ20 மட்டும். மெதுவாக, பூஸ்ட் அதிகம் தொடாமல் ஊருக்குள் ஓட்டுங்கள். பிறகு ஃபில்டரை மாற்றுங்கள். கழற்றியதை வெட்டிப் பாருங்கள், டேங்கின் நிலை தெரிந்துவிடும்.

பியூசியை இப்போதே எடுத்துவிடுங்கள். பிஎஸ்4 கார் என்றால் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள், உயர் ஐடிலில் லாம்டா 0.97க்கும் 1.03க்கும் நடுவில் வர வேண்டும். இதில் தேறாத மேப் நல்ல மேப் அல்ல. திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அடுத்து மலை, ரோடு என்பதால் டேங்கில் அதே ஈ20தான். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளைவிட நல்ல சோதனைக் களம் நமக்கு வேறில்லை. மெதுவான வேகம், இரண்டாவது கியர், தொடர்ந்த சுமை, இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு) போதாத காற்று எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து வரும். டைனோவில் வராத நாக் இங்கே வரும். லேப்டாப்பிலோ போனிலோ நாக் திருத்தம், லாம்டா, எரிபொருள் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு நான்கையும் பதிவு செய்யச் சொல்லி, பக்கத்தில் ஒருவரை உட்காரவையுங்கள். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. வேலை நாளில் அதிகாலையில் போங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். இது வேகம் காட்டும் ஓட்டமல்ல, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறினாலே வேண்டிய தகவல் கிடைத்துவிடும்.

மேலே 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 சதவீதம்தான். அதே பூஸ்டைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். மேப்பில் உயரத்துக்கேற்பப் பூஸ்டைக் குறைக்கும் அட்டவணை இருக்கிறதா என்று டியூனரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஏப்ரல், மே வெயிலில் ஏறி நின்று, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் திணறினால் லைனில் ஆவி கட்டியிருக்கிறது. 10, 20 சதவீதக் கலவைகளில் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும். டர்போவுக்குப் பக்கத்தில் ஓடும் லைனுக்கு வெப்ப உறை சுற்றினால் பெரும்பாலும் தீரும்.

9. செலவும் காலமும்

விசாரித்ததிலும் வாங்கியதிலும் எனக்குத் தெரிந்த விலைகள் இவை. ஈ85 பம்ப் 12,000 முதல் 18,000, இன்ஜெக்டர் நான்கும் 20,000 முதல் 30,000, ஃபிளக்ஸ் சென்சார் 10,000 அளவில், லாம்டா மீட்டர் 20,000 அளவில், டெஃப்லான் ஹோஸ், இணைப்புகள் 15,000, கூலி 15,000. ஈசியூவில்தான் பெரிய வித்தியாசம். கம்பெனி ஈசியூவிலேயே ஃபிளக்ஸ் வசதி திறக்க முடிந்தால் டியூனிங்கோடு 40,000 முதல் 60,000. தனி ஈசியூ என்றால் அதுவே ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆக ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்கினால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் மூன்றையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் இறக்குமதி செய்பவரிடம் வாங்குவது பல சமயம் மலிவாகவே முடியும், பில்லும் இருக்கும்.

பாகங்கள் வந்து சேர ஒரு மாதமாவது ஆகும். எல்லாம் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே காரைப் பட்டறையில் விடுங்கள். ஒரு ஓ-ரிங் வராமல் வாரக்கணக்கில் பிரித்துப்போட்ட நிலையில் கார் நின்றால், சின்னச் சின்னப் பாகங்கள் தொலையும்.

10. பராமரிப்பு

இன்ஜின் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். எரியாத எத்தனால் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டுபவர்களுக்கு இன்னும் அதிகம் கலக்கும். ஆயில் மூடியின் அடியில் வெண்மையான பசை படிந்தால் வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.

டேங்கைக் காலியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், முக்கியமாக ஏற்காட்டு மூடுபனியில். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈ20 போன்ற குறைந்த கலவையில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

பங்க்கில் போட்டதில் எவ்வளவு எத்தனால் என்று சந்தேகம் வந்தால், அளவுக்கோடு போட்ட 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி எரிபொருளும் ஊற்றி, மூடி, குலுக்கி, சில நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கீழ் அடுக்கு 28 மில்லி என்றால் எத்தனால் 18 மில்லி, அதாவது 20 சதவீதம். ஃபிளக்ஸ் சென்சார் காட்டும் எண்ணை மாதம் ஒருமுறை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் சென்சார் இணைப்பைத் துடைத்துப் பார்க்கும்வரை பூஸ்டைத் தொடாதீர்கள்.

இன்ஜின் அறை ஹோஸ்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பு, வீக்கம், வெடிப்பு ஏதாவது தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் பார்க்காமல், அதே சுருளில் வெட்டிப் போட்ட எல்லாத் துண்டுகளையும் மாற்றிவிடுங்கள்.